நிறத்தைச் சரிசெய்தால் அடி நின்றுவிடுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 31. திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு நகரம். எம்.காம்., பி.எட். முடித்துவிட்டு ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். கல்யாணமாகி எட்டு வருடம், ஆறு வயதில் ஒரு பையன். கணவர் செல்போன் கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தபோதே ‘பொண்ணு நிறம் கொஞ்சம் கம்மி’ என்று சொல்லி, பேசியதற்கு மேல் 10 பவுன் கூடுதலாகக் கேட்டார்கள். அப்பா கடன் வாங்கிப் போட்டார்.

மூன்று வருடமாக மெடிக்கலில் வாங்கிய ஒரு க்ரீம் போடுகிறேன். முதலில் நன்றாக வெளுத்தது. இப்போது வெயிலில் போனால் முகம் எரிகிறது. கன்னம் சிவந்தே இருக்கிறது, தாடை ஓரத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினால் இன்னும் மோசமாகிறது.

கணவர் என் போட்டோவை ஒரு ஆப்பில் வெளுப்பாக்கிய பிறகுதான் ஸ்டேட்டஸில் வைப்பார். போன மாதம் பள்ளி ஆண்டு விழாவில் என் வகுப்புப் பிள்ளைகள் வில்லுப்பாட்டு பாடினார்கள். அவர்களோடு நான் நிற்கிற படத்தை, சக ஆசிரியை எடுத்தது, அப்படியே வைத்துவிட்டேன். அவருடைய நண்பர்கள் ஏதோ கிண்டல் செய்திருக்கிறார்கள். இரவு வந்து போனைப் பிடுங்கி, பையன் முன்னால் கன்னத்தில் அறைந்தார். இது மூன்றாவது முறை. படத்தை அப்போதே அழித்துவிட்டேன். மறுநாள் பையன் பாட்டியிடம், ‘அம்மா கருப்பு போட்டோ போட்டாங்க, அதான் அப்பா அடிச்சாரு’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமியார், ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்றார்.

அவர் கெட்டவர் இல்லை மேடம். குடிப்பதில்லை. என் சம்பள ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது, அது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. மதுரையில் நிறத்தை மாற்ற ஊசி போடுகிறார்களாம். 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டால் இந்தப் பிரச்னை தீருமா? மூன்று அறைக்கெல்லாம் ‘வன்முறை’ என்று பெரிய பெயர் வைக்கலாமா?

பதில்:

அன்புத் தோழி,

உங்களை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன்.

முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். தீராது. அந்த 40,000 ரூபாயை ஊசிக்குக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஆலோசனைக்கு ஒரு பெண் வந்தாள். எலுமிச்சம்பழ நிறம் என்பார்களே, அப்படி. நகை எதுவும் வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள் என்று கேட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆறாவது மாதத்தில் அடி ஆரம்பித்தது. பால்காரரிடம் சில்லறை வாங்கும்போது சிரித்தாள் என்று ஒரு நாள். மாடியில் துணி காயப்போட அதிக நேரம் எடுத்தாள் என்று ஒரு நாள். ‘இவ்வளவு அழகா இருக்கிறவ ஒருத்தனோட நிப்பாளா’ என்பது அவன் வாதம். என் எதிரில் உட்கார்ந்து, உதட்டோரத்தில் தையல் போட்ட இடத்தைக் கைக்குட்டையால் மூடியபடி அவள் கேட்டாள்: “நான் கொஞ்சம் கருப்பாப் பொறந்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன், இல்லையா மேடம்?”

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவள் குரல்தான் காதில் கேட்டது. அவளுக்கு அவளுடைய வெளுப்பு காரணமாகத் தெரிந்தது. உங்களுக்கு உங்கள் கருப்பு காரணமாகத் தெரிகிறது. இரண்டு பேரும் அடிக்கிறவனை விட்டுவிட்டுத் தங்கள் தோலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள்.

நிறம் உங்களை அடிப்பதற்குக் காரணம் இல்லை என்றால், அது அங்கே என்ன வேலை செய்கிறது? அதை ஒரு கடன் பத்திரம் மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள். ‘நிறம் கம்மி’ என்று பெண் பார்த்த அன்றே உங்கள் பெயரில் ஒரு கடன் எழுதப்பட்டது. 10 பவுன் அதன் முதல் தவணை. அதோடு முடிந்ததா? முடியவில்லை. ‘உன்னைக் கட்டிக்கிட்டதே பெரிசு’ என்ற வார்த்தையை எட்டு வருடத்தில் எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! நேராகச் சொல்லாவிட்டாலும், விசேஷ வீட்டுக்கு உங்களை விட்டுவிட்டுப் போனபோது, படத்தை வெளுப்பாக்கியபோது, அதைத்தான் சொன்னார்கள். நீங்களும் வட்டி கட்டிக்கொண்டே வந்திருக்கிறீர்கள். எதிர்த்துப் பேசாமல் இருந்தது வட்டி. ஏடிஎம் கார்டைக் கொடுத்தது வட்டி. முகம் எரிய எரிய க்ரீம் போட்டது வட்டி. அடகுக்கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்குப் புரியும், வட்டி மட்டும் கட்டினால் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஊசி போட்டுக்கொண்டு நீங்கள் வெளுத்துவிட்டாலும் அடுத்து உடம்பு பருமன், முடி கொட்டுவது, சமையல், பேச்சு என்று பத்திரத்தில் வேறு ஏதாவது எழுதுவார்கள்.

இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் கணவருக்கு உங்கள் நிறம் எட்டு வருடமாகத் தெரியும். அன்று இரவு அவரைக் கொதிக்க வைத்தது அது இல்லை, நண்பர்களின் சிரிப்பு. அந்த நாலைந்து பேர் நடுவில் பைக், போன் மாதிரி மனைவியின் தோற்றமும் ஓர் அந்தஸ்து. அவர்கள் சிரித்தபோது ‘என் மனைவியைப் பற்றி இப்படிப் பேசாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ‘பொண்டாட்டிதாசன்’ என்ற பட்டம் வரும். வீட்டுக்கு வந்து உங்களை அறைந்தால் எந்தப் பட்டமும் வராது, அவருடைய அம்மாவே பழமொழி சொல்லி முடித்து வைப்பார். அவமானப்படுத்தியது யார், அடி வாங்கியது யார் என்று பாருங்கள்.

ஆண்களை நான் தனியாக அழைத்துப் பேசும்போது இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஒருவர், வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “கூட்டாளிங்க முன்னாடி அசிங்கமாப் போச்சு மேடம், கை தன்னால போயிருச்சு” என்றார். “போன வாரம் ஹெல்மெட் இல்லேன்னு போலீஸ்காரர் நடுரோட்டுல நிக்க வெச்சுத் திட்டினாரே, அங்க கை போச்சா?” என்று கேட்டேன். சாவி சுற்றுவது நின்றது. “அங்க எப்படி மேடம் கை வெக்க முடியும்” என்றார். அப்படியானால் கை தன்னால் போவதில்லை. எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது என்று அதற்கு நன்றாகவே தெரியும்.

இதை அவர் பிறக்கும்போதே கொண்டுவரவில்லை. கீழே விழுந்து அழுகிற பையனிடம் ‘பொம்பளப் புள்ளையாட்டம் அழாதே’ என்கிறோம். பயம், வருத்தம், அவமானம் எல்லாவற்றுக்கும் கதவை அடைத்துவிட்டு, கோபத்துக்கு மட்டும் திறந்து வைக்கிறோம். வளர்ந்தபின் எல்லாமே அந்த ஒரு கதவு வழியாகத்தான் வெளியே வரும். பெரியார் ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்பே, ‘ஆண்மை’ என்கிற கருத்து ஒழிந்தாலொழியப் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று எழுதினார். சிறு வயதில் அதைப் படித்தபோது மிகையாகத் தோன்றியது. இந்த நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்த பிறகு அது அனுபவத்திலிருந்து எழுதிய வரியாகத் தெரிகிறது.

இதையெல்லாம் சொல்வதால் உங்கள் கணவருக்காக நான் பரிந்து பேசுவதாக நினைத்துவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று தெரியும். அதற்காகச் சொன்னேன்.

‘கருப்புதான் அழகு’ என்று உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. சொல்கிறவர்களின் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. 2009-ல் சென்னையிலிருந்துதான் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற இயக்கம் கிளம்பியது. பல பெண் பிள்ளைகளுக்கு அது மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் என் கவலை வேறு. அழகு என்பது பெண்ணுக்கு மட்டும் வைக்கிற பரீட்சையாக இருக்கும்வரை, பாஸ் மார்க்கைக் குறைத்து உங்களையும் உள்ளே சேர்த்துக்கொள்வதில் என்ன இருக்கிறது? மரியாதையோடு நடத்தப்படுவதற்கு நீங்கள் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பரீட்சை இல்லாத ஒரு வீடுதான் உங்களுக்கு வேண்டும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ‘ஆதிகாலத்திலிருந்தே சிவப்புதான் அழகு’ என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகான நிறத்துக்கு மாமை என்று பெயர். மாந்தளிரின் கருமை கலந்த நிறம். காதலன் பிரிந்து போனால் அந்த மாமை அழிந்து உடம்பு வெளிறும், அந்த வெளிறலுக்குப் பெயர் பசலை. அது நோய். வெள்ளிவீதியார் என்ற பெண் புலவர் குறுந்தொகையில், தன் மாமைக் கவினைப் பசலை தின்கிறதே என்றுதான் புலம்புகிறார். வெளுத்துப் போனதற்காக அழுத மொழி இது. பிறகு எப்படியெல்லாமோ மாறிவிட்டது. வெயிலில் வேலை செய்கிறவர்கள் கருப்பு, நிழலில் உட்கார்ந்தவர்கள் சிவப்பு என்று ஒரு கணக்கு வந்தது. அதில் சாதியும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கும் ‘நிறம் கம்மி’ என்று பலர் சொல்லும்போது அதில் பாதி சாதிப் பேச்சு. 1975-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ சந்தைக்கு வந்தது. 2005-ல் ஆண்களுக்கென்று தனியாக ஒரு சிவப்பழகு க்ரீம் வந்தது. 2020-ல் முதல் க்ரீமின் பெயரில் இருந்த ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் வாயில் அந்த வார்த்தை அப்படியேதான் இருக்கிறது.

சரி, இப்போது அவசரமான விஷயம், உங்கள் முகம்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கலாம். கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் என்பவையும் இருக்கலாம். இவை தோல் நோய்க்கு மருத்துவர் கொஞ்ச நாளைக்கு எழுதிக் கொடுக்கிற மருந்துகள், தினமும் பூசுகிற அழகு சாதனம் கிடையாது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பரு வந்து, முடி வளரும். நிறுத்தினால் பொங்கிக்கொண்டு வரும், அந்தப் பயத்தில் திரும்பவும் போடுவோம். நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பது இந்தச் சுழலில்தான். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. உங்களுக்குச் சீட்டுக் கேட்காமல்தான் கொடுத்திருக்கிறார்கள். தப்பு உங்களுடையது இல்லை.

நீங்களாகவே இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கும். திண்டுக்கல்லிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. ட்யூபையும் அட்டைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று மருத்துவர் சொல்வார். ட்யூபில் உட்பொருள்களே அச்சிடவில்லை என்றால், பாதரசம் கலந்த க்ரீமாகவும் இருக்கலாம். அப்படியானால் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். 2023-ல் கேரளாவின் மலப்புறம் மாவட்டத்தில், வெளுப்பதற்காகப் போட்ட க்ரீமால் சிலருக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். ஊசி விஷயம் இதைவிட மோசம். வெளுக்க வைக்க வழக்கமாகப் போடுவது குளுட்டாதயோன். அமெரிக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளே இந்த ஊசியைப் பற்றி மக்களை எச்சரித்திருக்கின்றன.

இதையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்துவதற்காக இல்லை. 2017-ல் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்தில், மனைவியின் நிறத்தைச் சொல்லி ஓயாமல் ஏசிக்கொண்டிருந்த ஒருவன், ‘நிறம் வெளுக்க மருந்து’ என்று சொல்லி ஒரு திரவத்தை அவள் உடம்பில் பூசித் தீ வைத்தான். அவள் இறந்துவிட்டாள். 2025 ஆகஸ்டில் நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. உங்கள் கணவர் அவனைப் போன்றவர் என்று நான் சொல்லவில்லை. ஏச்சு தனி, அடி தனி, க்ரீம் தனி என்று பிரித்துப் பிரித்துப் பார்த்து ‘இது சின்னது’ என்று முடிவு செய்துவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்படியே உங்கள் இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டேன். மூன்று அறைக்கு வன்முறை என்று பெயர் வைக்கலாமா? சட்டமே வைத்திருக்கிறது. 2005-ல் வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 3-வது பிரிவைப் பாருங்கள். அடிப்பது அதில் இருக்கிறது. இழிவுபடுத்துவது, கேலி செய்வது, பட்டப்பெயர் வைத்து அழைப்பது ஆகியவையும் இருக்கின்றன. உங்கள் பணத்தை உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வதும் இருக்கிறது. ஏடிஎம் கார்டு ‘எல்லா வீட்டிலும் உள்ளதுதானே’ என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேரும் பேசி ஒரே கணக்கில் செலவு செய்வது வேறு. உங்கள் சம்பளத்தில் ஒரு செருப்பு வாங்க நீங்கள் கேட்டு நிற்க வேண்டியிருந்தால் அது வேறு. உங்கள் வீட்டில் எது நடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்கள் தனியாகவும் இல்லை. 2019–21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். இந்திய அளவில் அது 29. உங்கள் ஆசிரியர் அறையில் பத்துப் பெண்கள் இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீதிமன்றங்கள் நிறத்தை எப்படிப் பார்க்கின்றன என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2023 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம், மனைவி தன்னைக் கருப்பு என்று சொல்லி அவமானப்படுத்தினார் என்று வந்த கணவருக்கு, அது கொடுமைதான் என்று சொல்லி விவாகரத்து கொடுத்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம், இறந்துபோன ஒரு பெண்ணின் வழக்கில், கணவர் அவள் நிறத்தைச் சொல்லி ஏசியது தண்டனைச் சட்டம் கேட்கிற அளவுக்குப் பெரிய கொடுமை இல்லை என்று சொல்லி, 1998-ல் தண்டிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. ஒன்று விவாகரத்து வழக்கு, மற்றது கிரிமினல் வழக்கு, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது மனசு ஆறவில்லை.

அதனால்தான் உங்களுக்கு முதலில் 2005 சட்டத்தைச் சொல்கிறேன். இது அடிப்படையில் சிவில் சட்டம். இதில் மனுப் போட்டால் கணவரை உடனே ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். ‘இனி அடிக்கக் கூடாது, ஏசக் கூடாது’ என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மீறினால்தான் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு யார் பெயரில் இருந்தாலும் உங்களை வெளியே தள்ள முடியாது. பராமரிப்புத் தொகை கேட்கலாம், உங்கள் நகையையும் கேட்கலாம். உங்களுக்குப் போட்ட நகை உங்களுடையது, அந்தப் பத்துப் பவுனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார், அவரிடம் போனால் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். செலவு இல்லை. வக்கீல் வேண்டுமென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கொடுப்பார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, சம்பளம் வாங்குகிறவர் என்று உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. எண் 15100.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும் நிலை வந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். ‘சமாதானமாப் போங்கம்மா, இனிமே அடிக்கமாட்டார்’ என்று எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் ஒரே ஆட்டோவில் அனுப்பி வைப்பது இன்னும் நடக்கிறது. மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அடி பட்டால் அரசு மருத்துவமனையில் காட்டி, எப்படி அடிபட்டது என்று உண்மையைச் சொல்லி ஏ.ஆர். (மருத்துவமனையின் விபத்துப் பதிவு) போடச் சொல்லுங்கள். ‘வழுக்கி விழுந்தேன்’ என்று ஒரு தடவை எழுதிவிட்டால் பிறகு அதைத் திருத்துவது கஷ்டம்.

உங்கள் கணவர் செல்போன் கடைக்காரர். உங்கள் போனில் யாரோடு பேசினீர்கள், எதைத் தேடினீர்கள் என்று பார்ப்பது அவருக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் 181-க்கோ வேறு எங்குமோ பேசுவதாக இருந்தால் பள்ளி போனிலிருந்தோ தோழியின் போனிலிருந்தோ பேசுங்கள். 181 மகளிர் உதவி எண் இரவிலும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் 112. இரண்டையும் உங்கள் அம்மா எண்ணையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போனைத்தானே முதலில் பிடுங்கினார். ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்புக், நகையின் படங்கள், இவற்றின் நகல் அம்மா வீட்டில் இருக்கட்டும். மூன்று தடவை அடித்த தேதிகளை நினைவு இருக்கும்போதே ஒரு பழைய பாட நோட்டில் எழுதிப் பள்ளியிலேயே வையுங்கள். அவர் கை எப்போதாவது உங்கள் கழுத்தைப் பிடித்தால், அன்றைக்கு எதையும் யோசிக்க வேண்டாம், பையனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டு வெளியேறுங்கள். கழுத்தைப் பிடிக்கிற கை உயிரை எடுக்கக் கூடிய கை, அதை நாங்கள் இந்தத் தொழிலில் எப்போதும் தனியாகக் குறித்து வைப்போம்.

அவர் மாறுவாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. சிலர் மாறியிருக்கிறார்கள். அவர்களில் எல்லோரும் ‘அடித்தேன், அது தப்பு’ என்ற வாக்கியத்தைப் பின்னால் ‘ஆனா’ போடாமல் சொன்னவர்கள். ‘அடிச்சது தப்புதான், ஆனா அவ அந்தப் படத்தை வெச்சிருக்கக் கூடாது’ என்றால் இன்னும் அவர் ஆரம்பிக்கவே இல்லை. அவரை ஆலோசனைக்கு வரச் சொல்வதானால் முதலில் அவர் மட்டும் வரட்டும். இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசவைத்தால், நீங்கள் அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் போய் அடி வாங்க வேண்டி வரலாம். கார்டைத் திருப்பிக் கொடுக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், அமைதியான ஒரு நாளில், வீட்டில் வேறு பெரியவர்கள் இருக்கும்போது. கேட்கவே பயமாக இருக்கிறது என்றால் கேட்க வேண்டாம். அந்தப் பயமே எனக்குப் போதுமான பதில். அப்போது நேராகப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள்.

மாமியாரின் பழமொழியைப் பற்றி எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிச் சொல்லி, அடியை அன்பின் ஒரு பகுதியாகவே ஆக்கிவிட்டோம். அந்த அம்மாவும் அந்தக் கையைப் பார்த்தவராக இருக்கலாம். அவரோடு வாதம் செய்து உங்கள் சக்தியை வீணாக்க வேண்டாம்.

உங்கள் சக்தி வேண்டியது பையனுக்கு. அவன் சொன்ன வாக்கியத்தை நான் தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன். ‘அம்மா கருப்பு போட்டோ போட்டாங்க, அதான் அப்பா அடிச்சாரு.’ ஆறு வயதுப் பிள்ளை. ‘அதான்’ என்ற சொல்லில் அவன் முழுப் பாடத்தையும் படித்து முடித்துவிட்டான். கருப்பு தப்பு, தப்புக்கு அடி, அடிப்பது அப்பா. இன்னும் பதினைந்து இருபது வருடத்தில் வேறொரு வீட்டுப் பெண்ணுக்கு அவன் இதைத்தான் ஒப்பிப்பான், இப்போது நாம் குறுக்கே போகாவிட்டால்.

பெரிய விளக்கம் வேண்டாம். தூங்கப் போகும் நேரத்தில், அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு அப்பா என்னை அடிச்சது தப்பு. நான் போட்டோ போட்டது தப்பில்ல. நீ அதைப் பார்த்துப் பயந்திருப்பே, அது உன் தப்பும் இல்ல” என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். ‘அப்பா கெட்டவர்’ என்று சொல்லாதீர்கள், அவனுக்கு அப்பா வேண்டும். ‘அப்பா சும்மா விளையாட்டுக்கு அடிச்சார்’ என்றும் சொல்லாதீர்கள், அவன் கண்ணால் பார்த்ததைப் பொய்யாக்க வேண்டாம். அவன் அழுதால் அழவிடுங்கள். பள்ளியில் யாரையாவது அவன் நிறம் சொல்லிக் கூப்பிட்டதாகத் தெரிந்தால், அடிக்காமல், திட்டாமல், அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். நீங்கள் ஆசிரியை, இதையெல்லாம் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள்.

அப்புறம் அந்தப் படம். அழித்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். எடுத்த சக ஆசிரியையின் போனில் அது இன்னும் இருக்கும். அவரிடம் கேட்டு ஒரு பிரதி அச்சுப் போட்டு வாங்கி உங்கள் பள்ளி மேசை இழுப்பறையில் வையுங்கள். ஒரு நாள் பையனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகும்போது எடுத்துக் காட்டுங்கள். வில்லைப் பிடித்திருப்பது யார், உடுக்கை அடித்தது யார், ‘ஆமா’ போட்டது யார், எந்தப் பிள்ளை மேடையில் வரி மறந்து உங்களைத் திரும்பிப் பார்த்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எத்தனை நாள் சாயங்காலம் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவன் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டால், பாடிக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் குடும்பநல ஆலோசகர்